மாவுக்கடைக் கணக்கும் கரியமில வாயுவும்

என் அக்கா மகன் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறான். போன வாரம் பொது அறிவுக் குறிப்பேட்டில் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். 2005-க்கும் 2020-க்கும் இடையில் இந்தியா தன் உமிழ்வுத் தீவிரத்தை 36 சதவீதம் குறைத்திருக்கிறது என்று அதில் இருந்தது.

"அப்படின்னா நாம விடுற புகை மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடுச்சா மாமா?"

"இல்லடா, கூடியிருக்கு."

"குறைஞ்சிருக்குன்னு அரசாங்கமே சொல்லுதே!"

அரசாங்கம் சொல்வதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், பொருளாதார வளர்ச்சி, எரிசக்தி, கார்பன் உமிழ்வு மூன்றும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. அவனுக்கு அதைச் சொல்ல எங்கள் தெருமுனை மாவுக்கடைதான் கைகொடுத்தது.

அண்ணாச்சியின் கடை

இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்கும் கடை. உள்ளே இரண்டு பெரிய கிரைண்டர், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மின்விசிறி, இரண்டு டியூப்லைட். கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக எண்களை நானே போட்டுக்கொள்கிறேன்.

100 வீடுகள் வாடிக்கை. வீட்டுக்கு மாதம் 20 பாக்கெட். ஆக 2,000 பாக்கெட். அரைப்பது, குளிரில் வைப்பது, விளக்கு எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 0.1 யூனிட் மின்சாரம். மொத்தம் 200 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, கடையின் மாதக் கணக்கு 140 கிலோ.

வியாபாரம் சூடு பிடிக்கிறது. பக்கத்துத் தெருவில் புது அடுக்குமாடி வந்து, வாடிக்கை 120 வீடு ஆகிறது. முன்பு வாரம் ஒருமுறை தோசை சுட்டவர்கள் இப்போது அடிக்கடி சுடுகிறார்கள். வீட்டுக்கு 25 பாக்கெட். மொத்தம் 3,000. அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. பழைய மோட்டாரை மாற்றினார், நட்சத்திரக் குறியீடு போட்ட புது ஃபிரிட்ஜ் வாங்கினார். ஒரு பாக்கெட்டுக்கு 0.08 யூனிட்தான் இப்போது. பெருக்கிப் பாருங்கள்: 3,000 × 0.08 = 240 யூனிட். 240 × 0.7 = 168 கிலோ.

பாக்கெட் ஒன்றுக்கான கரி (கரியமில வாயுவைத்தான் சுருக்கமாக இப்படிச் சொல்கிறேன்) 20 சதவீதம் குறைந்திருக்கிறது. கடையின் மொத்தக் கரி 20 சதவீதம் கூடியிருக்கிறது. அண்ணாச்சி முதல் எண்ணைப் போர்டில் எழுதி வைத்தால் பொய் சொன்னதாக ஆகாது. ஆனால் வானத்துக்குப் போவது இரண்டாவது எண்.

உமிழ்வுத் தீவிரம் என்பது இந்தப் பாக்கெட் கணக்குதான். நாட்டுக்கு என்று வரும்போது பாக்கெட்டுக்குப் பதிலாக ரூபாய். ஒரு ரூபாய் மதிப்புள்ள பொருளையோ சேவையையோ உருவாக்க எவ்வளவு வாயு வெளியேறியது என்று பார்ப்பார்கள். 2005-இல் இருந்து 2020-க்குள் இந்தியப் பொருளாதாரம், விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. வெறும் இரண்டு மடங்கு என்றே வைப்போம். 100 என்பது 200 ஆகிறது. அதில் 36 சதவீதம் கழித்தால் 128. தீவிரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியும், மொத்தம் கால்பங்குக்கு மேல் ஏறிவிட்டது. அக்கா மகன் இதை இரண்டு முறை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

காயா போட்ட பெருக்கல்

மாவுக்கடையில் நாம் பெருக்கியது நான்கு எண்களை: எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை பாக்கெட், பாக்கெட்டுக்கு எத்தனை யூனிட், யூனிட்டுக்கு எவ்வளவு கரி. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யோய்ச்சி காயா என்ற ஜப்பானியப் பேராசிரியர் இதையே உலகத்துக்குப் போட்டுக் காட்டினார். பெயர் காயாதான், ஆனால் பழுத்த விஷயம். பருவநிலை பற்றிப் பேசுகிறவர்கள் அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பெருக்கலை விடவில்லை.

வீடுகளின் இடத்தில் மக்கள்தொகை. பாக்கெட்டின் இடத்தில் ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு உற்பத்தி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியைத் தலைக்கு வகுத்தால் வருவது. மூன்றாவது, அந்த உற்பத்தியில் ஒரு டாலருக்கு எவ்வளவு எரிசக்தி. நான்காவது, அந்த எரிசக்தியில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு.

உலகத்துக்கு, கோவிட் முடிந்த ஆண்டுகளின் தோராயமான எண்களைப் போடுவோம். 800 கோடிப் பேர். தலைக்கு 13,000 டாலர். டாலருக்கு 1.6 யூனிட் எரிசக்தி. இங்கே யூனிட் என்பது மின்சாரம் மட்டும் இல்லை. பெட்ரோல், நிலக்கரி, எரிவாயு எல்லாவற்றின் வெப்பத்தையும் அதே அளவுகோலால் அளந்தது. யூனிட்டுக்கு 0.22 கிலோ கரியமில வாயு. நான்கையும் பெருக்கினால் ஏறக்குறைய 3,700 கோடி டன். உலகம் ஓராண்டில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வெளியேற்றும் அளவு அதுதான்.

கணிதம் படித்தவர்கள் இங்கே சிரிப்பார்கள். வகுத்ததையே திரும்பப் பெருக்கினால் எல்லாம் அடிபட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். ஆமாம், இதில் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. சமையலறையில் சாமானைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைப்பது மாதிரிதான். ஆனால் டப்பா பிரித்த பிறகுதான் எதில் கை வைக்கலாம், எதில் கை வைக்க முடியாது என்று தெரிகிறது.

முதல் டப்பாவில் யாரும் அவசரப்பட்டு எதுவும் செய்துவிட முடியாது. இரண்டாவது டப்பாவில் இருப்பது மக்களின் வருமானம். எந்த அரசும் அதைக் குறைக்கிறேன் என்று ஓட்டுக் கேட்கப் போவதில்லை. கேட்கவும் கூடாது என்பது என் எண்ணம். ஆகவே சண்டை முழுக்க மூன்றாவது, நான்காவது டப்பாக்களில்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல், இரண்டேகால் கிலோ வாயு

கொஞ்சம் நின்று, இந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதான். முக்கால் கிலோவில் இருந்து இரண்டேகால் கிலோ எப்படி?

மீதி எடை காற்றில் இருந்து வருகிறது. அந்த முக்கால் கிலோவில் 640 கிராம் அளவுக்குக் கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றில் இருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்றால் ஆக்சிஜன் ஒவ்வொன்றும் 16, சேர்த்தால் 44. ஆக எரிந்த கார்பனின் எடையைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் வாயு கிடைக்கிறது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டரும் இப்படித்தான் 40 கிலோவுக்கு மேல் வாயுவாகிப் போகிறது. கரும்புகை வந்தால்தான் உமிழ்வு என்று இல்லை. நீலமாகச் சுத்தமாக எரிகிற அடுப்புதான் கார்பனை முழுசாகக் கரியமில வாயுவாக மாற்றுகிற அடுப்பு. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இதைப் பின்னால் ஒரு இடத்தில் திரும்பத் தொடுவேன்.

நிலக்கரி இன்னும் மோசம், காரணம் அனல்மின் நிலையத்தின் வேலை அப்படி. நிலக்கரியை எரித்துத் தண்ணீரை நீராவியாக்கி, நீராவியால் டர்பைனைச் சுற்றினால்தான் மின்சாரம். எரித்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு கொஞ்சம் கூடக்குறைய மின்சாரமாகிறது; மற்ற இரண்டு பங்கு குளிர்விக்கும் கோபுரம் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது. நெய்வேலிப் பக்கம் போனவர்கள் அந்த இடுப்பு சிறுத்த ராட்சதக் கோபுரங்களில் இருந்து வெள்ளை வெளேரென்று எழும்புவதைப் பார்த்திருப்பார்கள். அது புகை இல்லை, நீராவி. மூன்றில் இரண்டு பங்கின் பெரும்பகுதி அப்படித்தான் வீணாகிறது. அங்கே வெட்டுவதோ ஈரப்பதம் மிகுந்த பழுப்பு நிலக்கரி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நல்ல கறுப்பு நிலக்கரியைவிட அதில் வாயு கூடுதல்.

ஒரு ரூபாய்க்குள் எவ்வளவு நெருப்பு

இனி மூன்றாவது டப்பா. ஒரே ஆயிரம் ரூபாய் மதிப்பை இரண்டு விதமாக உருவாக்கலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் ஒருவர் கணினி முன் அமர்ந்து நிரல் எழுதி உருவாக்கலாம். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லை வெட்டி, சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் வேக வைத்து, சிமெண்டாக அரைத்தும் உருவாக்கலாம். முன்னதில் கொஞ்சம் மின்சாரமும் கொஞ்சம் ஏசியும். பின்னதில் டன் கணக்கில் எரிபொருள். போதாததற்குச் சுண்ணாம்புக்கல் சூடானாலே அதற்குள் அடைந்து கிடக்கும் கரியமில வாயு தானாக வெளியேறும். சூளையைச் சோலாரால் சூடாக்கினாலும் அது நிற்காது.

அலுமினியமும் அப்படியே. தாதுவில் இருந்து ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். வீட்டில் இருக்கும் இரண்டு கிலோ இட்லிப் பானைக்கு 28 யூனிட். நம் அண்ணாச்சியின் பழைய கணக்கில் அது 280 பாக்கெட் மாவு அரைக்கிற மின்சாரம். பாத்திரக்கடையில் பழைய அலுமினியத்தை எடைக்கு வாங்கிக்கொள்வது சும்மா இல்லை. அதை மறுபடி உருக்க இதில் இருபதில் ஒரு பங்கு எரிசக்தி போதும்.

ஆகவே ஒரு நாடு வயல், ஆலை, அலுவலகம் என்று நகரும்போது, ரூபாய்க்கு ஆகிற எரிசக்தி முதலில் ஏறி அப்புறம் இறங்கப் பார்க்கும். கூடவே கருவிகளும் தேறும். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் இந்தியா முழுக்க 36 கோடிக்கும் மேல் எல்இடி பல்புகள் போய்ச் சேர்ந்தன. அந்தப் பழைய பல்பு தலைக்கு மேல் எரிந்தால் அடிக்கிற சூடு நினைவிருக்கிறதா? நாம் வெளிச்சத்துக்கு என்று கட்டிய பணத்தில் முக்கால்வாசிக்கு மேல் அந்தச் சூட்டுக்குத்தான் போனது.

இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. 1865-இலேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் அதைச் சுட்டிக்காட்டினார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரம் அதற்கு முந்தைய எந்திரங்களைவிட மிகக் குறைவான நிலக்கரியில் அதே வேலையைச் செய்தது. நிலக்கரிச் செலவு குறைந்திருக்க வேண்டுமே? ஏறியது. நீராவி மலிவானதும், அதுவரை நீராவியைத் தொடாத தொழில்கள் எல்லாம் அதற்கு மாறின. இன்றைக்கு நம் வீட்டிலேயே நடப்பதுதான். "இது அஞ்சு ஸ்டார் ஏசி, கரண்ட் அதிகம் இழுக்காது" என்று வாங்குகிறோம். வாங்கிய பிறகு இரவு மட்டும் ஓடியது பகலிலும் ஓடுகிறது. சேமித்தது எல்லாமே இப்படிக் கரைந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். எல்இடி வந்ததும் யாரும் வீட்டில் ஏழு மடங்கு பல்பு மாட்டிவிடவில்லை. ஆனால் சேமிப்பில் ஒரு பகுதியை நாமே திரும்பச் சாப்பிட்டுவிடுகிறோம். திறமையான கருவி மட்டும் போதும் என்று சொல்பவர்களிடம் எனக்குள்ள சந்தேகம் இதுதான்.

யூனிட்டுக்கு எவ்வளவு கரி

நான்காவது டப்பாதான் உண்மையில் பெரிய வேலையைச் செய்யக்கூடியது. அண்ணாச்சியின் கடையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் பாரிஸில் வையுங்கள். அதே கிரைண்டர், அதே 240 யூனிட். இங்கே 168 கிலோவாக இருந்தது அங்கே 24 கிலோவைத் தாண்டாது. பிரான்சில் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அணுமின் நிலையங்களில் இருந்து வருகிறது. மீதியில் பெரும்பகுதி நீர், காற்று, சூரியன். யூனிட்டுக்கு 100 கிராம்கூட வாயு இல்லை.

அதிலும் சுவாரசியம், பிரான்ஸ் இதைப் பருவநிலைக்காகச் செய்யவில்லை. 1973-இல் எண்ணெய் விலை எகிறியபோது, பெரிதாக எண்ணெயும் இல்லாத, நிலக்கரியும் தீர்ந்துகொண்டிருந்த நாடு அது. 1974-இல் பிரதமர் பியர் மெஸ்மர் அணுமின் நிலையங்களை அடுத்தடுத்துக் கட்டும் திட்டத்தை அறிவித்தார். இறக்குமதிச் செலவுக்குப் பயந்து செய்தது, அரை நூற்றாண்டு கழித்துக் கார்பன் கணக்கில் லாபமாக நிற்கிறது.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் தயாராகும் மின்சாரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு நிலக்கரிதான். உடனே ஒருவர் கேட்பார்: 2025-இல் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாதது என்று படித்தேனே? சரிதான். நிறுவுதிறன் என்பது பாத்திரத்தின் கொள்ளளவு. உற்பத்தி என்பது அதில் எத்தனை முறை சமைத்தோம் என்பது. சோலார் பலகை இரவில் சும்மா கிடக்கும், மேகம் வந்தால் சுணங்கும். நிலக்கரி நிலையம் இரவு பகலாக ஓடும். அதனால்தான் திறனில் பாதி, உற்பத்தியில் கால்வாசி.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க அதிகம் சிரமப்பட வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகவும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் மே முதல் செப்டம்பர் வரை, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும். 1980-களிலேயே தூத்துக்குடி அருகே தொடங்கிய வேலை. இன்று மாநிலத்தில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். ஆனால் ஐப்பசி பிறந்ததும் காற்று படுத்துவிடும். அப்போது அந்த இடத்தை நிரப்புவது பெரும்பாலும் நிலக்கரி. ஆக, நான்காவது டப்பாவை இறக்குவது வெறும் பலகை மாட்டுகிற வேலை இல்லை. காற்று படுக்கிற மாதத்துக்கும் வெயில் சாய்கிற மாலைக்கும் எதை வைத்து ஓட்டுவது என்கிற வேலை.

குறைந்த கதைகள் மூன்று

வளர்ந்துகொண்டே உமிழ்வைக் குறைத்த நாடு உண்டா? உண்டு. பிரிட்டனைச் சொல்லலாம். பொது மின்சாரத்துக்கென்று உலகிலேயே முதலில் நிலக்கரி எரித்த நிலையம் 1882-இல் லண்டனில் தொடங்கியது. அந்த நாட்டின் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று அணைக்கப்பட்டது. 2012-இல்கூட அங்கே மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியில் இருந்து வந்தது. பன்னிரண்டே ஆண்டில் பூஜ்யம். 1990-இல் இருந்து பார்த்தால் பிரிட்டனின் பொருளாதாரம் முக்கால் பங்குக்கும் மேல் வளர்ந்திருக்கிறது, அதன் சொந்த மண்ணில் இருந்து வெளியேறும் உமிழ்வோ பாதியாகிவிட்டது. நிலக்கரியின் இடத்தை முதலில் எரிவாயு பிடித்தது, பிறகு வட கடல் காற்று. 2013-இல் இருந்து கார்பனுக்கு ஒரு குறைந்தபட்ச விலை வைத்ததும் நிலக்கரியின் கழுத்தை இறுக்கியது.

"அவங்க ஃபேக்டரியை எல்லாம் சீனாவுக்கு அனுப்பிட்டு இங்கே குறைச்சிட்டோம்னு சொல்றாங்க" என்று ஒரு பேச்சு உண்டு. பாதி நியாயம். லண்டனில் விற்கும் ஃபோன் சீனாவில் செய்யப்பட்டால், அதன் கரி சீனாவின் கணக்கில் ஏறும். அதனால் யார் செய்தார்கள் என்று பார்க்காமல், யார் வாங்கிப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தும் கணக்குப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் பிரிட்டனின் குறைப்பு சிறுக்கிறது; ஆனால் மறைந்துவிடவில்லை. அண்ணாச்சி அரைக்கும் வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டு பாக்கெட் மட்டும் போட்டால் அவர் கரண்ட் பில் குறையும், ஊரின் கரி குறையாது. ஆனால் ஊர் மின்சாரமே காற்றாலைக்கு மாறியிருந்தால் அது வேறு கதை. பிரிட்டனில் இரண்டும் கலந்து நடந்தது.

இரண்டாவது கதை ரஷ்யா. 1991-இல் சோவியத் யூனியன் உடைந்த பிறகு, 1990-களில் ரஷ்யாவின் உமிழ்வு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. யாரும் பாராட்டவில்லை. ஆலைகள் மூடி, சம்பளம் நின்று, ஆண்களின் ஆயுட்காலமே குறைந்த காலம் அது. இரண்டாவது டப்பா கவிழ்ந்தால் உமிழ்வு இறங்கத்தான் செய்யும். அப்படி இறங்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

மூன்றாவது நம் எல்லாருக்கும் நடந்தது. 2020-இல் விமானங்கள் தரையில் நின்றன, சாலைகள் வெறிச்சோடின, ஜலந்தரில் இருந்து இமயமலை தெரிந்ததாகப் படங்கள் வந்தன. உலகம் மொத்தமாகக் கதவைச் சாத்திக்கொண்ட அந்த ஆண்டில் கரியமில வாயு எவ்வளவு குறைந்தது தெரியுமா? ஏறக்குறைய 5 சதவீதம்.  அடுத்த ஆண்டே பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. என்னைப் பொறுத்தவரை இந்தத் தலைப்பில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை. நாம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதும் ஃபிரிட்ஜ் ஓடியது, மருத்துவமனை ஓடியது, சிமெண்ட் சூளை அணையவில்லை, அத்தனைக்கும் மின்சாரம் அதே நிலக்கரியில் இருந்து வந்தது. வாழ்க்கையை அமுக்கினோம், மூன்றாவது, நான்காவது டப்பாக்களைத் தொடவே இல்லை.

முதலில் பணம், அப்புறம் சுத்தமா?

ஏழை நாடு முதலில் புகை கக்கி வளரட்டும், கையில் காசு வந்ததும் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று ஒரு வாதம் 1990-களில் பிரபலமானது. கவிழ்த்துப் போட்ட கிண்ணம் போல ஒரு வளைகோடு வரைந்து காட்டுவார்கள். சில மாசுகளுக்கு அது ஓரளவு பொருந்துகிறது. 1952 டிசம்பரில் லண்டனில் நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நான்கு ஆண்டுகளில் தூய காற்றுச் சட்டம் வந்தது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது, மக்கள் கத்தினார்கள், அரசு அசைந்தது.

கரியமில வாயு அப்படி இல்லை. முன்னே சொன்ன மாதிரி நிறமும் மணமும் கிடையாது. விட்டவர் ஓர் ஊர், வெள்ளத்தில் நிற்பவர் இன்னோர் ஊர். எல்லாவற்றையும்விட, கந்தகப் புகை மழையில் சில நாளில் கரைந்துவிடும். இது நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். நாம் விடுவதில் சுமார் பாதியைக் காடும் கடலும் வாங்கிக்கொள்கின்றன, மீதி சேர்ந்துகொண்டே போகிறது. ஏரிக்கு வரும் வாய்க்காலில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் ஏரி வடியாது. நிரம்புகிற வேகம்தான் குறையும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த 140-இல் பெரும்பகுதி, முன்பே பணக்காரர்கள் ஆகிவிட்டவர்கள் விட்டது.

அதனால் இந்தியாவைப் பார்த்து விரல் நீட்டுபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் போல வெளியேற்றுகிறார், ஓர் இந்தியர் 2 டன். அந்த 2 டன்னிலும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு ஏகப்பட்ட வித்தியாசம். இன்னமும் விறகு ஊதிச் சமைக்கிற ஒரு பெண்ணிடம் போய் எரிசக்தியைக் குறைத்துக்கொள் அம்மா என்று சொல்ல முடியுமா? அவருக்கு இன்னும் கூடுதல் எரிசக்தி வேண்டும்.

ஆனால் எண் கருணை பார்க்காது. 36 சதவீதத்தைப் பதினைந்து ஆண்டுக்குப் பிரித்தால், தீவிரம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதம் இறங்கியிருக்கிறது. பொருளாதாரம் ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால், மீதி 3 சதவீதம் உமிழ்வாக ஏறும். உமிழ்வு ஏறாமல் அப்படியே நிற்க வேண்டும் என்றாலே இறங்கும் வேகம் இப்போதுள்ளதைப் போல இரண்டு மடங்காக வேண்டும். 2030-க்குள் தீவிரத்தை 2005 அளவில் இருந்து 45 சதவீதம் இறக்குவதாக இந்தியா உறுதி கொடுத்திருக்கிறது. 2070-க்குள் நிகர பூஜ்யம், அதாவது விடுகிற அளவும் திரும்ப உறிஞ்சப்படுகிற அளவும் சமமாகும் நிலை என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. முதல் உறுதி பாக்கெட் கணக்கு. இரண்டாவது உறுதி மொத்தக் கணக்கு. இரண்டும் ஒரே செய்தியில் அடுத்தடுத்து வரும். படிக்கிறபோது எதை எதால் வகுத்தது என்று பார்க்காவிட்டால் என் அக்கா மகனுக்கு வந்த குழப்பம்தான் வரும்.

அவனை அன்று மாலை மாவு வாங்க அனுப்பவில்லை, நானே கூடப் போனேன். இவ்வளவு நேரம் அவர் கடையை வைத்துக் கணக்குப் போட்டதைச் சொன்னதும் அண்ணாச்சிக்குச் சிரிப்பு. மாடியில் சோலார் போடலாமா என்று அவரும் யோசித்துக்கொண்டிருந்தாராம். பையன் உற்சாகமாகிவிட்டான்.

"நீங்க விடிகாலை நாலு மணிக்கு அரைக்கிறீங்க. அப்போ சூரியனே இல்லையே அண்ணாச்சி. அதை அப்படியே மத்தியானத்துக்கு மாத்திட்டா யூனிட்டுக்கான கரி குறைஞ்சிடும்."

அண்ணாச்சி பாக்கெட்டை எடைத் தட்டில் வைத்தபடி சொன்னார்: "மத்தியான வெயில்ல அரைச்சா பொழுது சாயறதுக்குள்ள பொங்கி வழிஞ்சிடும் தம்பி. அப்புறம் அதை ஃபிரிட்ஜ்ல வைக்க நான் இன்னொரு ஃபிரிட்ஜ் வாங்கணும். அந்த யூனிட்டையும் உன் கணக்குல சேத்துக்க."

வீடு வரும்வரை அவன் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே வந்தான்.